கட்டுப்பாட்டில் உள்ள அரசு ரோபோ மென்பொருளுக்கு முறைப்படி அனுமதி பெறுவது எப்படி?

அரசு நிதியில் உருவாகி, அனுமதி பெற்றவருக்கு மட்டும் தரப்படும் மென்பொருளைத்தான் இங்கே கட்டுப்பாட்டு மென்பொருள் என்கிறேன். விண்ணப்பப் படிவத்தைத் திறப்பது அதைப் பெறும் வேலையில் ஐந்தாவது படி. முதல் நான்கையும் விட்டுவிட்டு நேரே படிவத்தில் கைவைத்து, பிறகு பதில் வரவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிக் குழுக்களையும் ஓசூரைச் சுற்றியுள்ள சிறு ஆட்டோமேஷன் பட்டறைகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கிருந்து அதிகம் கேட்கப்படுபவை நாசாவின் மென்பொருள்கள் என்பதால் அவற்றை விரிவாகவும், இந்திய அரசு நிதியில் உருவானவற்றை உரிய இடங்களில் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

1. மென்பொருளின் பெயரை மறந்துவிட்டு வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மட்டும் எழுதுங்கள். பாலக்கோட்டுத் தக்காளி வயலில் வரிசைகளுக்கு நடுவே ஓடும் சிறு ஊர்தி என்றால், அது வரிசையை விட்டு விலகாமல் போக வேண்டும்; குறுக்கே ஆளோ கூடையோ வந்தால் நிற்க வேண்டும். இதற்கு ராஸ் 2 என்ற திறந்த ரோபோ மென்பொருள் கட்டமைப்பு, அதன் வழிசெலுத்தல் தொகுப்பான நாவ்2, சோதித்துப் பார்க்க கசீபோ சிமுலேட்டர் ஆகியவை போதும். இவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நாசாவின் நிரல்தான் வேண்டும் என்றாலும், அதன் ஜேபிஎல் (ஜெட் புரொபல்ஷன்) ஆய்வகத்தின் எஃப் பிரைம், கோடார்டு மையத்தின் சிஎஃப்எஸ் என்ற விண்கல மென்பொருள் கட்டமைப்புகள், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் மிதந்து திரியும் ஆஸ்ட்ரோபீ ரோபோவின் மென்பொருள் ஆகிய மூன்றும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடைக்கின்றன. உங்கள் தாளில் எழுதிய வேலையை இவை செய்துவிடும் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள்.

இந்தப் படியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றைப் பெற்றுவிட்டால் அதைக் காப்பதும் கணக்குக் காட்டுவதும் அது உங்களிடம் இருக்கும் காலம் முழுவதும் உங்கள் பொறுப்பு. திறந்த மென்பொருளால் ஏன் முடியாது என்று ஒரு பத்தியில் எழுத முடியாதவர், அனுமதி தரும் அலுவலகம் அதையே கேட்கும்போது திணறிப்போவார்.

2. வெளியீட்டு வகையைக் கண்டறியுங்கள்

நாசாவின் மென்பொருள் பட்டியலில் ஒவ்வொரு பதிவிலும் வெளியீட்டு வகை குறிப்பிடப்பட்டிருக்கும். மென்பொருளின் விளக்கத்தை ஆர்வத்தோடு படித்துவிட்டு இந்த ஒரு வரியைப் படிக்காமல் விடுவதே முதல் தடுமாற்றம். உங்களுக்கு வழி இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த வரியிலேயே முடிந்துவிடுகிறது.

திறமூலம் என்றோ பொது வெளியீடு என்றோ இருந்தால் ஏற்றுமதித் தடையோ இரகசியக் கட்டுப்பாடோ இல்லை. இந்த வழிகாட்டியே உங்களுக்குத் தேவையில்லை. "அமெரிக்க வெளியீடு மட்டும்" என்று இருந்தால் அது அமெரிக்கச் சட்டம் வரையறுக்கும் அமெரிக்க நபருக்கு மட்டுமே உரியது. குடிமகன், கிரீன் கார்டு பெற்றவர், அடைக்கலம் பெற்றவர் ஆகியோர் அந்த வரையறைக்குள் வருவார்கள். எச்-1பி விசாவில் வேலை செய்பவர் வர மாட்டார். "அமெரிக்க அரசுப் பயன்பாட்டு வெளியீடு" என்பது அந்த நாட்டு அரசுக்காக வேலை செய்பவர்களுக்கானது. ஓசூரிலிருந்து அதைக் கேட்பதில் பயனில்லை. "அமெரிக்க மற்றும் அயல்நாட்டு வெளியீடு" என்ற வகை ஒன்று உண்டு. நிபந்தனைகளோடு அயல்நாட்டவருக்கும் கொடுக்கப்படலாம் என்பது அதன் பொருள். நமக்குத் திறக்கக்கூடிய கதவு அநேகமாக இது ஒன்றுதான்.

ஆண்டுதோறும் ஒரு மாணவராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது: "எங்க அண்ணன் டெக்சாஸ்ல இருக்காரு, அவரு பேர்ல வாங்கிக்கலாமா சார்?" அண்ணன் அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும் வாங்கக் கூடாது. எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்பது அந்த வகையின் அடிப்படை நிபந்தனை. தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கணமே அண்ணன் அந்த நிபந்தனையை மீறியவர் ஆகிறார்; அந்த நாட்டு ஏற்றுமதிச் சட்டத்தையும் மீறியவர் ஆகக்கூடும். ஒரு இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காக அவருடைய வேலையைப் பணயம் வைப்பது நியாயமில்லை.

அடுத்து, பதிவு எண்ணின் முன்னெழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். என்பிஓ என்று தொடங்கினால் ஜேபிஎல், ஏஆர்சி என்றால் ஏம்ஸ், ஜிஎஸ்சி என்றால் கோடார்டு, எம்எஸ்சி என்றால் ஜான்சன், எல்ஏஆர் என்றால் லாங்லி. யாருக்கு எழுத வேண்டும் என்பதை இந்த எழுத்துகள் காட்டும். ஜேபிஎல் ஆய்வகத்தை நாசாவுக்காக நடத்துவது கால்டெக் பல்கலைக்கழகம் ஆகையால், அங்கே உருவான மென்பொருளின் உரிம வேலை கால்டெக்கின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தைச் சேர்ந்தது. பிற மையங்களின் வழக்கத்தை வைத்து அங்கே எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரே பெயருக்குள் இரண்டு வகைகள் இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். ஜேபிஎல், ஏம்ஸ் மையம், கார்னகி மெலன், மினசோட்டா பல்கலைக்கழகங்கள் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய கிளாரட்டி என்ற ரோபோ மென்பொருள் கட்டமைப்பில் சில தொகுதிகள் மட்டுமே பொதுவில் விடப்பட்டன. மற்றவை கட்டுப்பாட்டிலேயே இருந்தன. எனவே "கிளாரட்டி வேண்டும்" என்று கேட்பது "கடையில் உள்ளது வேண்டும்" என்று கேட்பது போல. எந்தத் தொகுதி, எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் மென்பொருள் களஞ்சியத்திலும் திறமூலமானவையும் உறுப்பு நாடுகளுக்கு மட்டும் உரியவையும் ஒரே பட்டியலில் கலந்திருக்கும். இந்தியா உறுப்பு நாடு அன்று.

இந்தியப் பக்கத்தில் வெளியீட்டு வகை என்ற வரி இருக்காது; யார் வழியாக, யாருக்குத் தரப்படுகிறது என்பதே அங்கே கேள்வி. பெங்களூரில் உள்ள செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபாட்டிக்ஸ் மையம் உட்பட, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகங்களின் தொழில்நுட்பம் அந்த அமைப்பின் தொழில்துறைத் தொடர்பு இயக்ககம் வழியாக, உற்பத்தி செய்யக்கூடிய நிறுவனங்களுக்கு உரிம ஒப்பந்தத்தின் பேரில் மாற்றித் தரப்படுகிறது. இஸ்ரோவின் தொழில்நுட்பம் இன்-ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பு, நியூஸ்பேஸ் இந்தியா என்ற அரசு நிறுவனம் ஆகியவற்றின் வழியாக வருகிறது. கல்லூரிக் குழுக்களுக்கு இவற்றைவிட எளிதில் எட்டுபவை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் சைபர்-பௌதிக இயக்கத்தின் கீழ் அமைந்த 25 புத்தாக்க மையங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள ஆர்ட்பார்க்கும், டெல்லி ஐஐடியில் உள்ள ஐஎச்எஃப்சியும் ரோபாட்டிக்ஸுக்கானவை. ஓசூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் ஆர்ட்பார்க்கில் ஒரு சந்திப்பை முடித்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடலாம். மின்னஞ்சலில் பத்து முறை எழுதுவதைவிட அது மேல்.

3. கையெழுத்திடப் போவது யார் என்பதை முடிவு செய்யுங்கள்

மாணவர் கையெழுத்திட முடியாது. துறைத்தலைவரும் பெரும்பாலும் முடியாது. ஒப்பந்தம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது. ஆகவே நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உடையவர்தான் கையெழுத்திட வேண்டும். அரசுக் கல்லூரி என்றால், வெளிநாட்டு அமைப்போடு செய்யும் ஒப்பந்தத்தில் முதல்வரே கையெழுத்திடலாமா, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டுமா என்பதை முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். அறக்கட்டளைக் கல்லூரியில் செயலாளரையோ தாளாளரையோ பார்க்க வேண்டியிருக்கும். தனியார் நிறுவனம் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானமும், கூட்டாண்மை என்றால் பங்குதாரர் பத்திரமும் வேண்டும்.

இதைக் கடைசிக்கு ஒத்திப்போட்ட ஒரு குழுவுக்கு, வெளிநாட்டிலிருந்து சம்மதம் வந்த பிறகு உள்ளூரில் கையெழுத்து கிடைக்கவில்லை. கோப்பு மேசை மேசையாக நகர்வதற்குள் அந்தக் கல்வியாண்டே முடிந்துவிட்டது.

கையெழுத்திடுபவர் உறுதியானதும் மூன்று பொருள்களைச் சேகரியுங்கள். முதலாவது, நிறுவன முகவரியில் அமைந்த மின்னஞ்சல். ஜிமெயிலிலிருந்து வரும் கோரிக்கையில், கேட்பவர் எந்த நாட்டில் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை அந்த அலுவலகத்தால் உறுதி செய்ய முடியாது. இரண்டாவது, பான், ஜிஎஸ்டி, உத்யம் பதிவு போன்ற சான்றுகள். எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயரும் ஊரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். பர்கூரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. நமக்கு அது ஒன்றுமில்லை. தடை செய்யப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அலுவலருக்கு அவை இரண்டு நிறுவனங்கள். மூன்றாவது, மென்பொருளைத் தொடப்போகும் ஒவ்வொருவரின் பெயரும் குடியுரிமையும். ஆய்வகத்தில் வெளிநாட்டு மாணவர் ஒருவர் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். அமெரிக்க விதிகளின்படி மூலநிரலை ஒருவருக்குக் காட்டுவதே அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகக் கருதப்படக்கூடும்.

4. நோக்க அறிக்கையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதில்தான். "உலகத் தரமான ரோபோ ஆராய்ச்சியை மேம்படுத்துவதற்காக" என்று தொடங்கும் அறிக்கைகள் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. அந்த வரியிலிருந்து எந்த அலுவலராலும் எதையும் முடிவு செய்ய இயலாது. அவர் தேடுவது இவற்றைத்தான்: என்ன இயந்திரம், எங்கே ஓடும், எந்தத் தொகுதி எந்த வேலைக்கு, எத்தனை பேர், எவ்வளவு காலம், யாருடைய பணம், முடிவு யாருக்குப் போகும்.

மாதிரிக்கு ஒன்று: "நான்கு சக்கரங்களும் இருபது கிலோ எடையும் கொண்ட ஊர்தி, கல்லூரி வளாகத்திலும் அதையடுத்த மாந்தோப்பிலும் மட்டும் ஓட்டப்படும். கோரப்படும் தொகுதி, இரட்டைக் கேமராப் படங்களிலிருந்து நிலத்தின் மேடுபள்ளத்தைக் கணக்கிடுவதற்கு மட்டும் பயன்படும். பயன்படுத்துவோர் நால்வர், அனைவரும் இந்தியக் குடிமக்கள். காலம் பதினெட்டு மாதங்கள். செலவு முழுவதும் கல்லூரியுடையது. வணிகப் பயன்பாடோ படைத்துறைப் பயன்பாடோ இல்லை." கவர்ச்சியில்லாத எழுத்துதான். ஆனால் படிப்பவருக்கு மறுபடி கேட்க எதுவும் மிஞ்சாது.

சொற்களில் கவனம் வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோர ராகி வயல்களில் யானை இறங்குவதை முன்கூட்டியே அறிவிக்கும் ஊர்தி ஒன்றுக்காக ஒரு குழு எழுதிய அறிக்கையை, அது போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் பார்த்தேன். காட்டின் எல்லையைக் கண்காணிப்பது என்று தமிழில் நினைத்ததை அப்படியே ஆங்கிலமாக்கி "பார்டர் சர்வைலன்ஸ்" என்று எழுதியிருந்தார்கள். நாட்டின் எல்லைக் காவலுக்காகக் கேட்கிறார்கள் என்று அந்த அலுவலகம் புரிந்துகொண்டதில் தவறே இல்லை. யானைதான் என்று விளக்கி முடிப்பதற்கு வாரங்கள் ஆயின. ட்ரோன், இலக்கு, கண்காணிப்பு, தற்காப்பு போன்ற சொற்கள் உங்கள் வேலைக்கு உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் எழுதுங்கள். எழுதினால் அவற்றின் பொருளையும் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதே வேளையில், உண்மையிலேயே படைத்துறைத் தொடர்பு இருந்தால் அதை மறைப்பது தவறான தகவல் தந்த குற்றமாகும். எளிமையாக எழுதுவது வேறு, மறைத்து எழுதுவது வேறு.

5. இப்போது விண்ணப்பியுங்கள்

மேலே உள்ளவை தயாராக இருந்தால் இது அரை மணி நேர வேலை. நாசாவின் பட்டியலில் பதிவின் பக்கத்துக்குப் போய், கணக்கு தொடங்கி, கோரிக்கை அனுப்ப வேண்டும். ஒரு மென்பொருளுக்கு ஒரு கோரிக்கை. அனுப்பியதும் வரும் எண்ணையும், திரையில் நிரப்பிய விவரங்களையும் படியெடுத்து வையுங்கள். பின்னர் கேள்வி வரும்போது முன்பு என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்காது. ஒரே மென்பொருளை ஒரே கல்லூரியின் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கேட்பதைத் தவிர்த்து, ஒரே கோரிக்கையில் பயனர் பட்டியலை விரிவாக்குங்கள்.

6. காத்திருக்கும் காலத்தில் வரும் கேள்விகள்

ஜேபிஎல் இருக்கும் கலிபோர்னியா நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. காலையில் நாம் ஒரு கேள்விக்குப் பாதிப் பதில் அனுப்பினால் மீதியைக் கேட்டு அடுத்த நாள்தான் கடிதம் வரும். ஆகவே கேட்டவை அனைத்துக்கும், கேட்ட வரிசையிலேயே, ஒரே கடிதத்தில் பதில் சொல்லுங்கள்.

பதிலில் ஏற்றுமதி விதிகள் குறிப்பிடப்படும்போது எந்த விதி என்று பாருங்கள். அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதி நிர்வாக விதிகள் என்றால் வழி இருக்கலாம். 2018-இல் இந்தியா, நம்பிக்கைக்குரிய நாடுகளுக்கான எஸ்டிஏ-1 நிலைக்கு உயர்த்தப்பட்டதால் அந்த விதிகளின் கீழ் சில பொருள்களுக்குத் தனி உரிமம் இல்லாமலே ஏற்றுமதி செய்ய இடமுண்டு. ஆனால் அது ஏற்றுமதிக்கான சலுகை. மென்பொருளைக் கொடுத்தே தீர வேண்டும் என்று மையத்தைக் கட்டாயப்படுத்தும் ஆணை அன்று. அதை மேற்கோள் காட்டி வாதாடிய கடிதங்கள் நன்மை செய்து நான் கண்டதில்லை. ஐட்டார் எனப்படும் படைத்தளவாட விதிகளின் பெயர் வந்தால், கல்லூரிச் செயல்திட்டத்தை அங்கேயே கைவிட்டு முதல் படிக்குத் திரும்புங்கள் என்பதே என் கருத்து.

இழுத்தடிக்கிறதே என்று பென் டிரைவில் யாரோ கொண்டுவந்த பழைய படியை எடுத்து வேலையைத் தொடங்கிவிடுகிற ஆசை இந்தக் காலத்தில்தான் வரும். அந்தப் படியை வைத்துக்கொண்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது, விண்ணப்பமே செய்யாமல் இருப்பதைவிட மோசமான நிலை.

7. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

அனுமதி வந்ததும் மென்பொருள் பயன்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும். நான்கு இடங்களில் விரலை வைத்து நிறுத்திப் படியுங்கள். அனுமதிக்கப்பட்ட பயன்பாடு எது, அது உங்கள் நோக்க அறிக்கையோடு ஒத்துப்போகிறதா. யார் யார் பயன்படுத்தலாம். நீங்கள் மாற்றி எழுதிய நிரல் யாருடையது, அதைத் திருப்பித் தர வேண்டுமா. கடைசியாக இழப்பீட்டுப் பொறுப்பு: உங்கள் பயன்பாட்டால் வழக்கு வந்தால் அதை நீங்களே ஏற்க வேண்டும் என்ற பிரிவு. அரசுக் கல்லூரியில் இந்தப் பிரிவைச் சட்ட ஆலோசகர் பார்க்காமல் முதல்வர் கையெழுத்திட மாட்டார், இடவும் கூடாது.

உத்தரவாதம் எதுவும் இல்லை, உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது என்ற வரியும் இருக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம். ஆனால் ஓட்டிக் காட்ட அந்த ஊரிலிருந்து ஆள் வர மாட்டார் என்பதை அதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள். இந்திய ஆய்வகங்களோடு செய்யும் உரிம ஒப்பந்தத்தில் முத்திரைத்தாள், கட்டணம், விற்பனையின் மீதான உரிமத்தொகை ஆகியவை சேர்ந்துகொள்ளும். பட்டறைக்காரர்கள் கணக்காளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

8. வந்த மென்பொருளைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு

இறக்குவதற்கு முன்பே இடத்தைத் தயார் செய்யுங்கள். ஒரு கணினி, அதில் பெயரிடப்பட்ட பயனர்களுக்கு மட்டும் திறக்கும் ஒரு கோப்புறை, பக்கத்தில் ஒரு பதிவேடு. வந்த கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை (செக்சம்) முதலில் ஒப்பிட்டு, பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள்.

தவறுகள் கெட்ட எண்ணத்தால் நடப்பது அரிது. மடிக்கணினியின் ஆவணக் கோப்புறை கூகுள் டிரைவோடு தானாக இணைந்திருக்கும். மூலநிரல் ஒரே இரவில் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போயிருக்கும். "பிரைவேட்தானே" என்று கிட்ஹப் என்ற இணைய நிரல் களஞ்சியத்தில் ஏற்றுவார்கள். மூன்று மாதம் கழித்து அதே களஞ்சியத்தில் வெளியூர் நண்பர் ஒருவரைச் சேர்ப்பார்கள். பிழைச் செய்தி வந்தால் முழு நிரலையும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியில் ஒட்டி விளக்கம் கேட்பார்கள். இப்போது அதிகம் நடப்பது இதுதான். கட்டுப்பாட்டு நிரலில் பிழை வந்தால், பிழைச் செய்தியை மட்டும் தனியாக எடுத்து, உங்கள் சொந்த நிரலில் அதே பிழையை உண்டாக்கி, அதைக் காட்டிக் கேளுங்கள்.

உங்கள் நிரலும் அவர்கள் நிரலும் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கட்டும். கலந்துவிட்டால் எது உங்களுடையது என்று பிரித்துக் காட்ட முடியாமல், நீங்கள் எழுதியதையும் சேர்த்துப் பூட்ட வேண்டிவரும்.

9. வெளியே எடுத்துச் செல்லும் முன்

வெளிநாட்டுப் போட்டிக்கு ஊர்தியோடு போகும் மடிக்கணினியில் அந்த நிரல் இருந்தால் அது மறு ஏற்றுமதி. கொடுத்த நாட்டின் அனுமதி ஒரு பக்கம் வேண்டும். மறுபக்கம் நம் நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் கீழ் உள்ள இந்தப் பட்டியல், மின்னஞ்சலில் அனுப்பும் மென்பொருளையும் தொழில்நுட்பத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஆறாவது பிரிவான படைத்தளவாடங்களுக்கு உரிமம் தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. ஆளில்லா வானூர்திகளைத் தொடும் வேலை என்றால் ஐந்தாவது பிரிவையும் படியுங்கள்.

ஆய்வுக் கட்டுரையில் முடிவுகளையும் உங்கள் சொந்த முறையையும் எழுதலாம். கட்டுப்பாட்டு நிரலின் வரிகளையோ அதன் உள்கட்டமைப்பு விவரங்களையோ எழுதும் முன் ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். நன்றியுரையில் மென்பொருளின் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும்.

10. காலம் முடிந்ததும்

இறுதியாண்டு மாணவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் கலைந்துவிடுவார்கள். ஆகவே மார்ச் இறுதிக்குள் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராக, கணக்கு நீக்கப்பட்ட தேதியையும், தன்னிடம் படி எதுவும் இல்லை என்ற கையெழுத்தையும் வாங்குங்கள். ஜூலையில் புதிய குழு வரும்போது பழைய அனுமதி அவர்களுக்குத் தானாக உரியதாகாது. பயனர் பட்டியலைத் திருத்தித் தரும்படி எழுதிக் கேட்க வேண்டும். புதிய பதிப்பு வந்திருந்தால் அதற்கான கோரிக்கையையும் அதே கடிதத்தோடு அனுப்பலாமா என்று முதலில் கேளுங்கள், ஏனெனில் சில இடங்களில் அதற்குப் புதிய ஒப்பந்தமே தேவைப்படும்.

ஒப்பந்தத்தின் காலம் முடிந்தால் கோப்புறையை மட்டும் அழிப்பது போதாது. காப்புப் படிகள், மென்பொருளைப் பொதிந்து வைத்த டாக்கர் பிம்பங்கள், ஊர்தியின் உள்ளே இருக்கும் மெமரி கார்டு ஆகியவற்றையும் அழித்து, அழித்ததற்கான கடிதத்தை லெட்டர்பேடில் சீல் வைத்து அனுப்புங்கள். மெமரி கார்டைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.